கிட்டாரும் உடுக்கையும்: ராக் வாசித்துப் பழகிய இரண்டு பேர் புதுசாக ஒரு குழு தொடங்குவது எப்படி

இருபது வருஷத்துக்கு மேல் ராக் வாசித்தாச்சு, பழைய பேண்ட் கலைந்தாச்சு, ஒருத்தர் வளைகுடாவில், ஒருத்தர் பெங்களூரில், ஒருத்தர் இசையையே விட்டுவிட்டார், மிச்சம் இரண்டு பேர் மட்டும் ஊர்ப்பக்கம் இருந்துகொண்டு சாயாக்கடையில் "இனி என்ன செய்யலாம் மக்கா" என்று பேசிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் கதையும் அப்படித்தான் தொடங்கியது. நான் நாகர்கோவில், கிட்டார் வாசிக்கிறேன், பாடுகிறேன். கூட்டாளிக்கு மார்த்தாண்டம் பக்கம், டிரம்ஸ், சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் மரம். இருவருக்கும் ஐம்பது நெருங்குகிறது. மூன்று வருஷமாக ராக்கையும் வில்லுப்பாட்டையும் சேர்த்து ஒரு இசை செய்துகொண்டிருக்கிறோம். இதில் நாங்கள் கண்டுகொண்டதையெல்லாம் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை முடிவு செய்துவிடுங்கள்: இரண்டு பேர் என்றால் இரண்டு பேர்தான். பாஸ் கிட்டாருக்கு ஒரு பையன் கிடைக்கும்வரை தற்காலிகமாக இருவர் என்று நினைத்தால், செய்கிற ஒவ்வொரு பாட்டிலும் வராத அந்தப் பையனுக்கு ஒரு காலியிடம் விட்டுக்கொண்டே இருப்பீர்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 1997-இல் தொடங்கிய வைட் ஸ்ட்ரைப்ஸ் பேண்ட் ஒரு கிட்டார், ஒரு டிரம்ஸ், அவ்வளவுதான். 2001-இல் ஓஹையோவின் ஆக்ரனிலிருந்து வந்த பிளாக் கீஸும் கிட்டாரும் டிரம்ஸுமாகத்தான் தொடங்கினார்கள். இங்கிலாந்தின் ராயல் பிளட்டில் கிட்டாரே கிடையாது, பாஸும் டிரம்ஸும்தான், பாஸின் சிக்னலைப் பிரித்துப் பல ஆம்ப்களில் (ஒலி பெருக்கும் பெட்டிகளில்) விட்டு ஒரு முழு பேண்டின் கனத்தைக் கொண்டுவருகிறார்கள். இவர்களைக் கேட்கச் சொல்வது காப்பியடிக்க இல்லை. எந்த இடத்தில் யார் சும்மா இருக்கிறார் என்பதை மட்டும் ஒரு தாளில் குறித்துக்கொண்டே கேளுங்கள். எங்களுக்கு மிகப்பெரிய பாடம் அதில்தான் கிடைத்தது.

அடுத்தது, ராக்கோடு எதைக் கலப்பது. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், நாங்களும் சறுக்கினோம். முதல் நாலு மாசம் செண்டை, நாதஸ்வரம், பறை, கீபோர்டில் தம்புரா என்று கையில் கிடைத்ததையெல்லாம் சாம்பிளாகப் போட்டுப் பார்த்தோம். கேட்க சுற்றுலா விளம்பரம் மாதிரி இருந்தது. அப்புறம் ஒரு நாள் கூட்டாளி கேட்டான், சின்ன வயசில் பாயில் படுத்துக்கொண்டு தூக்கத்தோடு தூக்கமாக நீ கேட்ட சத்தம் எது என்று. எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, முத்தாரம்மன் கோயில் கொடை விழாவில் விடியவிடிய நடக்கும் வில்லுப்பாட்டு. அவனுக்கு சர்ச் பாடகர் குழு, நாலு குரலில் பிரிந்து பாடும் கிறிஸ்துமஸ் பாட்டு. 1806-இல் மயிலாடிக்கு மிஷனரி ரிங்கல்தௌபே வந்த நாளிலிருந்து எங்கள் குமரி மாவட்டத்தின் புராட்டஸ்டண்ட் சபைகளில் பாட்டு ஒரு பெரிய விஷயம், இங்கே கிட்டார் பிடிக்கிற பாதிப் பேர் முதல் கார்டு (சில சுரங்களைச் சேர்த்து ஒன்றாக மீட்டுவது) கற்றுக்கொண்டதே சர்ச்சில்தான். ஆக, எங்களுக்குச் சொந்தமானவை மூன்றே: ராக், வில்லு, நாலு குரல். வேறு எதையும் தொடக்கூடாது என்று முடிவு செய்தோம். நீங்களும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பதில் கணியான் கூத்தில் அடிக்கும் மகுடம் என்ற தோல் வாத்தியமாக இருக்கலாம், நையாண்டி மேளமாக இருக்கலாம், கடற்கரை ஊர்களில் தவக்காலத்தில் பாடும் ஒப்பாரி போன்ற பாட்டாக இருக்கலாம். எதுவானாலும் ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு.

எடுத்துக்கொண்டதை யூடியூபில் கேட்டால் போதாது. கொடை நடக்கிற இடத்துக்குப் போய் ராத்திரி முழுக்க உட்காருங்கள். முதல் இரண்டு தடவை மொபைலை வெளியே எடுக்காதீர்கள், பதிவு செய்யும் மனசு வந்துவிட்டால் கேட்கிற மனசு போய்விடும். குடத்தின் கழுத்தோடு கட்டிய வில், அதில் தொங்கும் மணிகள், வீசுகோலால் நாணில் அடிக்கும் தலைமைப் பாடகரான அண்ணாவி, பக்கத்தில் உடுக்கை, குடம், ஜால்ரா, கட்டை. இதெல்லாம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். கவனிக்க வேண்டியது வேறொன்று. அண்ணாவி ஒரு வரி சொல்வார், பக்கப்பாட்டுக்காரர் "ஆமா" என்பார். அண்ணாவி கதையை நகர்த்துவார், இவர் அந்த வரியைத் திருப்பிப் பாடுவார், இல்லையென்றால் நாம் கேட்க நினைத்த கேள்வியை நமக்காகக் கேட்பார். அந்த "ஆமா" இல்லாவிட்டால் முன்னால் இருக்கிற ஐந்நூறு பேரும் அரை மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்படி ஒரு கொடை முடிந்து விடியற்காலையில் தோவாளை வழியாகப் பைக்கில் திரும்பும்போது, பூ மார்க்கெட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள், வண்டியை நிறுத்திவிட்டு நாங்கள் பேசியது இதை மட்டும்தான்: ஒருத்தன் சொல்ல ஒருத்தன் "ஆமா" போட இரண்டு பேர் போதுமே, பிறகு எதற்கு இன்னும் மூன்று பேர்?

பழைய ராக் பேண்டில் எல்லோரும் சேர்ந்து வாசிப்போம், சத்தம் குறைந்தால் பயம் வரும். இந்தப் பழக்கத்தை உடைக்க நாங்கள் செய்த பயிற்சியைச் சொல்கிறேன். ஒரு மாசம், ஒரு நாளைக்கு 20 நிமிடம், இருவரும் ஒரே நேரத்தில் வாசிக்கக்கூடாது. நான் நாலு பார் (பார் என்றால் ஒரு தாளச் சுற்று) வாசித்தால் அவன் நாலு பார். பிறகு இரண்டு, பிறகு ஒன்று. முதல் வாரம் பெரிய சண்டையே வந்தது, "லேய் மக்கா, நீ நிறுத்தினாத்தானே நான் பேச முடியும்" என்று அவன் குச்சியைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டான். அவன் சொன்னது சரி. நான் என் முறை முடிந்த பிறகும் தந்தியை ஒலிக்க விட்டுக்கொண்டிருந்தேன், அது அவன் பேச வேண்டிய இடம். வலது உள்ளங்கையால் தந்தியை அமர்த்தி முடிக்கப் பழகியதும்தான் எங்கள் இசைக்கு ஒரு உருவம் வந்தது. வேறு எதைத் தவிர்த்தாலும் இந்தப் பயிற்சியைத் தவிர்க்காதீர்கள்.

கற்றுக்கொள்ள ஒரு ஆசானிடம் போங்கள். கூட்டாளி உடுக்கைக்காக வயதான ஒரு அண்ணாவியிடம் ஒன்றரை வருஷம் போனான், இன்னமும் போகிறான். உடுக்கையின் இடுப்பில் இருக்கும் கயிற்றை இடது கை அழுத்தித் தளர்த்தும்போதுதான் அது பேசும், வலது கை விரலை விட அந்த அழுத்தம்தான் கடினம், டிரம்ஸில் முப்பது வருஷம் இருந்தாலும் அது புதுசு. வகுப்புக்குப் பணம் கொடுங்கள், வெற்றிலை பாக்கோடு மரியாதையாகக் கொடுங்கள், பாட்டில் அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டுவிட்டுப் போடுங்கள். அப்புறம், எதை எடுக்கக்கூடாது என்றும் அவரிடமே கேளுங்கள். சாமி இறங்கும் இடத்தில் பாடுகிற பகுதி கோயிலுக்கு உரியது, அந்த அடியைக் கேட்டு அருள் வருகிறவர்கள் இருக்கிறார்கள், அதை ஒரு ரிசார்ட் மேடையில் வாசிக்கக்கூடாது. நாங்கள் வில்லையும் மேடைக்குக் கொண்டுபோவதில்லை. நாணில் விழும் வீசுகோலின் வேலையை அமர்த்திய கிட்டார் தந்திகள் செய்கின்றன, வில்லில் தொங்கும் மணிக்குப் பதிலாக என் வலது காலில் சலங்கை.

இனி கொஞ்சம் சுரம். ராக் கிட்டார்காரர்கள் டிஸ்டார்ஷனில், அதாவது ஒலியைக் கரகரப்பாக்கி வாசிக்கும்போது, பெரும்பாலும் பவர் கார்டு போடுவோம், அதாவது ஆதார சுரமும் அதன் ஐந்தாவதும். மெட்டல் வாசித்தவர்களுக்கு பிரிஜியன் ஸ்கேல் கைவந்த விஷயம், அதே சுரங்கள்தான் ஹனுமத்தோடி என்ற மேளகர்த்தா ராகத்தில் இருக்கின்றன, மகுடி ஊதும்போது கேட்கும் புன்னாகவராளி அதிலிருந்து பிறந்த ராகம். அதனால் எங்கள் முதல் பாட்டைப் புன்னாகவராளியில் செய்தோம். ச, ரி, க, ம, த, நி எதன் மேல் பவர் கார்டு போட்டாலும் ராகத்துக்குள்ளேயே நிற்கிறது. ப மேல் போட்டால் மட்டும் அதன் ஐந்தாவதாகப் பெரிய ரிஷபம் உள்ளே வந்துவிடும், அந்த ராகத்துக்கு உரியது சின்ன ரிஷபம், உடனே காதில் உறுத்தும். அங்கே மட்டும் ஒற்றைத் தந்தியில் வாசியுங்கள். இப்படி எடுத்துக்கொள்கிற ராகம் ஒவ்வொன்றுக்கும் எந்தக் கார்டு உள்ளே, எது வெளியே என்று உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டுவிடுவது நல்லது, ஒரு மாலை நேரம் போதும். மெதுவான பாட்டுகளுக்கு நான் தந்திகளை டி ஏ டி ஜி ஏ டி என்று மாற்றிச் சுருதி சேர்க்கிறேன், அதில் மேஜரா மைனரா என்று தீர்மானிக்கிற மூன்றாம் சுரம் திறந்த தந்திகளில் கிடையாது, பாடுகிறவன் காந்தாரத்தைத் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம். தாளத்தில் கவலையே வேண்டாம். காவடிச்சிந்தின் திஸ்ர நடையும் ப்ளூஸ் ராக்கின் ஷஃபிளும் ஒரு அடிக்குள் மூன்று எண்ணுபவைதான், இரண்டையும் ஒட்ட வைக்க ஒன்றும் செய்யத் தேவையில்லை, ஒருத்தர் தொடங்கினால் மற்றவர் சேர்ந்துகொள்ளலாம்.

உடுக்கைக்கு இரண்டு கையும் வேண்டும், அதனால் கூட்டாளியின் மற்ற வேலையெல்லாம் காலுக்குப் போனது. வலது காலில் கிக் டிரம். இடது காலில், மிதித்தால் இரண்டு தட்டுகள் மோதும் ஹை-ஹாட் ஸ்டாண்டு, அதில் சிம்பலுக்குப் பதிலாக ஜால்ரா. தரையில் நிற்கும் ஒரு பெரிய டிரம் (ஃப்ளோர் டாம்) பக்கத்தில். சில பாட்டுகளில் உடுக்கையை வைத்துவிட்டுக் குடத்தை எடுப்பான். குடத்தின் சுருதி பாட்டோடு சேரவில்லையென்றால் உள்ளே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், காற்றுக்கு இடம் குறையக் குறைய சுருதி ஏறும். கிட்டார் பக்கம், சிக்னலை ஒரு ஸ்பிளிட்டரில் இரண்டாகப் பிரித்து ஒன்றைக் கிட்டார் ஆம்ப்புக்கும் மற்றதை, சுரத்தை ஒரு ஸ்தாயி கீழே இறக்கும் ஆக்டேவ் பெடல் வழியாக பாஸ் ஆம்ப்புக்கும் விடுகிறேன். கிட்டாரின் கீழ்த் தந்தி சுமார் 82 ஹெர்ட்ஸ், ஒரு ஸ்தாயி இறக்கினால் 41, அது பாஸ் கிட்டாரின் கீழ்த் தந்தியேதான். பழைய வகை ஆக்டேவ் பெடல்கள் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தைத்தான் ஒழுங்காகப் பின்தொடரும், கார்டு போட்டால் உளறும். வில்லுப்பாட்டின் மெட்டும் ஒற்றை வரிசையில் போவது என்பதால் எங்களுக்கு அது குறையாகவே இல்லை. மைக் வைக்கும்போது ஒன்று கவனியுங்கள்: உடுக்கைக்கு வைத்த மைக்கின் பின்புறம் உங்கள் ஆம்ப்பைப் பார்த்து இருக்கட்டும், கார்டியாய்டு மைக் பின்னாலிருந்து வருவதைக் குறைவாகத்தான் எடுக்கும், ஊளை வராது.

எங்கள் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமும் பெய்யும், வடகிழக்குப் பருவமும் பெய்யும், அதுபோக குளச்சல், முட்டம் பக்கம் வாசித்தால் உப்புக் காற்று. உடுக்கைத் தோல் ஈரத்தில் தொய்ந்து சுருதி இறங்கிவிடும். மேடைக்கு இரண்டு உடுக்கை கொண்டுபோங்கள், ஒன்று துணியில் சுற்றிப் பெட்டிக்குள், கூடவே சிலிக்கா ஜெல் பை. காயவைக்கிறேன் என்று ஹாலஜன் விளக்குப் பக்கத்தில் வைத்துத் தோல் கிழிந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. கிட்டார் தந்திக்கு, வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒவ்வொரு தந்தியாகத் துடைப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை, கோட்டிங் செய்த தந்தி கொஞ்சம் கூடுதல் நாள் தாங்கும்.

பயிற்சிக்கு இடம்: கூட்டாளி வீட்டில் ரப்பர் ஷீட் போட்டு வைக்கிற அறை. வாடை பழகிவிட்டது. முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அறைக்குள் எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கும், பக்கத்து வீட்டுக்குக் கேட்பதைத் தடுக்காது. கதவு ஜன்னல் இடுக்குகளை அடைப்பதும், கிக் டிரம்முக்குக் கீழே கனமான ரப்பர் விரிப்பதும்தான் பலன் தரும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், ராத்திரியில் 45 என்று வரம்பு இருக்கிறது, டிரம்ஸோடு அதற்குள் நிற்பது சிரமம், ஆகவே பக்கத்து வீட்டாரிடம் முதலிலேயே போய் எந்த நேரம் தொந்தரவில்லை என்று கேட்டுவிடுங்கள். எங்கள் நேரம் பிற்பகல் மூன்று முதல் ஐந்தரை, ரப்பர் பால்வெட்டு விடியற்காலையிலேயே இருப்பதால் அவனுக்கு ராத்திரி முழிக்க முடியாது. மழை விடாமல் பெய்து வெட்டு நின்றுபோகிற நாட்களில் காலையிலும் உட்காருவோம். காதையும் பார்த்துக்கொள்ளுங்கள், இந்த வயதில் போனது திரும்பாது. 85 டெசிபலில் 8 மணி நேரம் பாதுகாப்பு என்று கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் வெறும் 15 நிமிடம். இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பான் வாங்கி இருவரும் போடுங்கள்.

பாட்டு வரிகளில் ஒரு கதை இருக்கட்டும். வில்லுப்பாட்டு அடிப்படையில் கதை சொல்வது, ராக்கில் நாம் பழகியதோ இரண்டு வரியைத் திருப்பித் திருப்பிக் கத்துவது. எங்களுக்குக் கதை கடலிலிருந்தும் காற்றாலையிலிருந்தும் வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாடிக்கு இடம் கொடுத்துவிட்டுப் பழைய கிணற்றங்கரையை மட்டும் விடாமல் வைத்திருக்கும் ஒரு கிழவியின் கதையை 7 நிமிடப் பாட்டாகச் செய்தோம். நான் கதை சொல்வேன், கூட்டாளி "ஆமா"வும் "பின்ன?"வும் போடுவான், கடைசியில் இருவரும் சர்ச் பாட்டு மாதிரி இரண்டு குரலில் பிரிவோம். மொழியைச் சென்னைத் தமிழாக்காதீர்கள். கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பேச்சில் மலையாளம் கலந்துதான் வரும், அது பாட்டில் வந்தால் நல்லதே.

காகித வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். முன்பு ஒரு குழுவில் நான் போட்ட மெட்டுக்கு எழுத்தில் ஒன்றுமே இல்லாததால் பேசக்கூட முடியாமல் போனது, அது இன்னும் வலிக்கிறது. இந்தத் தடவை ஒரே பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்: எல்லாப் பாட்டும் பாதிப் பாதி, யார் மெட்டுப் போட்டாலும் சரி; ஒருத்தர் விலகினால் குழுப் பெயரை மற்றவர் தனியாகப் பயன்படுத்தக்கூடாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் தனித்தனி உரிமைகள், வரிகளுக்கும் மெட்டுக்கும் எழுதியவர் ஆயுளும் அதன்பின் 60 வருஷமும் நீடிக்கும், ஒலிப்பதிவுக்கு அது வெளியானதிலிருந்து 60 வருஷம். வரி எழுதுகிறவர்களுக்கும் மெட்டமைக்கிறவர்களுக்கும் ராயல்டி வசூலித்துத் தரும், 1969-இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் இருவரும் தனித்தனியாக உறுப்பினராகுங்கள், 2012 திருத்தத்துக்குப் பிறகு வரி எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டியில் பங்கு உறுதியாகியிருக்கிறது. பரம்பரையாக வரும் கதைக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை, ஆனால் அண்ணாவி தானாகக் கட்டிய வரிகள் அவருடையவை. கேட்டு, எழுதி வாங்கி, பங்கு கொடுத்துவிட்டுத்தான் பாட வேண்டும்.

மேடைக்கு ஒரு ஆம்னி வேனில் எல்லாம் அடங்கிவிடும், இருவர் குழுவின் பெரிய சௌகரியம் இது. பெட்ரோல் செலவு, கூலி எல்லாம் பாதி, ஆகவே சின்ன சம்பளத்துக்கும் போகலாம். முதல் நிகழ்ச்சியைத் தெரிந்தவர்கள் இருபது பேர் முன்னால் வையுங்கள், 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். திருவனந்தபுரம் எங்களுக்கு 70 கிலோமீட்டர்தான், அங்கே ராக் கேட்கிற கூட்டம் இருக்கிறது, ஆனாலும் நான் முதலில் ஊரில்தான் வாசிக்கச் சொல்வேன், வில்லுப்பாட்டைத் தெரிந்தவர்கள் எங்கே முகம் சுளிக்கிறார்கள் என்று பார்க்க வேறு இடம் கிடையாது. திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைத்தால் ராத்திரி 10 மணிக்கு நிறுத்தியாக வேண்டும், ஏழரைக்கே தொடங்கிவிடுங்கள்.

ஒலிப்பதிவில் ஒரே ஒரு விதி வைத்தோம், இருவரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் வாசித்தது மட்டும், மேலே எதையும் சேர்ப்பதில்லை. முதல் பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கொண்டுபோய் அண்ணாவி காதில் மாட்டினோம். கண்ணை மூடிக் கேட்டார், இரண்டு தடவை தொடையில் தாளம் போட்டார், அப்புறம் கழற்றிவிட்டு, "எல்லாம் நல்லாத்தான் இருக்கு மக்களே, நடுவுல ஒரு இடத்துல கதை நின்னு போச்சே, அங்க யாருக்குப் பதில் சொல்லுதிய?" என்றார். அவர் சொன்ன இடம் என் கிட்டார் சோலோ, 16 பார். அதில் எட்டை எடுத்துவிட்டோம், மிச்ச எட்டை ஒரு பார் கிட்டார், ஒரு பார் உடுக்கை என்று பிரித்து மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்பப் பதிவு செய்தோம்.